நிறுத்தங்களின் பெயர் வருகிறது, மனைவியின் பெயர் வரவில்லை

தென்மாவட்டத்துச் சிறுநகரம் ஒன்றிலிருந்து 49 வயதுச் சகோதரி ஒருவர் எட்டுப் பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய கணவருக்கு வயது 54. அரசுப் பேருந்தில் 26 ஆண்டுகளாக நடத்துநர். ஏழு மாதங்களுக்கு முன் ஒருநாள் அதிகாலையில் முதல் டிரிப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், "பையை எடு" என்று சொல்ல வந்து, ஒன்றோடொன்று ஒட்டாத ஏதேதோ சொற்களைச் சொல்லியிருக்கிறார். தூக்கம் போதவில்லை போலிருக்கிறது என்று வீட்டார் காபி கொடுத்துப் படுக்க வைத்துவிட்டார்கள். வலக்கை துவண்டு விழுந்த பிறகுதான் பதறியடித்துக்கொண்டு கிளம்பினார்கள். மருத்துவமனையை அடைந்தபோது மணி பத்தரை. மூளையின் இடப்பக்கத்து இரத்தக்குழாயில் அடைப்பு என்று ஸ்கேனில் தெரிந்தது. 12 நாள் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பினார். இப்போது ஊன்றுகோலுடன் நடக்கிறார். வலக்கை விரல்கள் இன்னும் மடங்கவில்லை.

பேச்சுத்தான் திரும்பவில்லை. "அது… அது…" என்கிறார். ஆம் என்பதற்கும் "இல்ல" என்றே சொல்கிறார். ஆனால் ஒன்று முதல் முப்பது வரை தடையில்லாமல் எண்ணுகிறார். அவர் பல ஆண்டுகள் ஓடிய தடத்தின் முதல் நிறுத்தத்தை யாராவது சொன்னால், கடைசி நிறுத்தம் வரை வரிசையாக ஒப்பிக்கிறார். முருகன் பாட்டு நான்கு வரி வருகிறது. கோபம் வந்தால், வாழ்நாளில் சொல்லாத கெட்ட வார்த்தைகளும் வருகின்றன. மனைவியின் பெயர் மட்டும் ஏழு மாதமாக வரவில்லை.

மாமியார் தினமும் நாக்கில் வசம்பு உரைத்துத் தடவுகிறார். மூத்த மகன், "அப்பாவுக்கு மெண்டல் ஆயிடுச்சு" என்று நண்பர்களிடம் சொன்னதைத் தாய் கேட்டிருக்கிறார். குடும்பத்தின் வீட்டுமொழி தெலுங்கு. படித்ததும் வேலை பார்த்ததும் தமிழில். இரண்டு மொழியும் பேசினால் குழம்பிவிடுவார், தமிழ் மட்டும் பேசுங்கள் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். ஆறு மாதத்தில் வந்ததுதான் வரவு என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். கொழுந்தனார் பூர்வீக நிலத்தை உடன்படிக்கை எழுதிக்கொள்ளக் கைரேகை கேட்கிறார். அலுவலகத்தில், உடல்நிலையைக் காரணம் காட்டி ஓய்வுபெற விண்ணப்பம் எழுதித் தந்துவிடுவது நல்லது என்கிறார்கள். "அவருக்கு நாங்கள் பேசுவது புரிகிறதா, பேச்சு திரும்புமா, நிலத்துக்கும் வேலைக்கும் நான் என்ன முடிவெடுப்பது?" என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் கடைசியில், இதை அவர் தூங்கிய பிறகு, அவருக்குத் தெரியாமல் எழுதுவதாகக் குறிப்பிட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

"ஊர் ஊராகப் பெயர் சொல்லுகிற மனிதருக்கு என் பெயரைச் சொல்ல மனமில்லையா?" என்று நீங்கள் எழுதியிருந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். மனம் இருக்கிறது. பெயரும் உள்ளே இருக்கிறது. அந்தப் பெயரைத் தேவையான நேரத்தில் தேடி எடுத்து, ஒலிகளாக அடுக்கி, வாய்க்கு அனுப்புகிற வழிதான் அறுந்திருக்கிறது. நிறுத்தங்களின் வரிசை அவருக்கு அந்த வழியாக வரவில்லை. ஆயிரக்கணக்கான முறை சொல்லிச் சொல்லிப் பழகியவை, அதாவது எண்கள், கிழமைகள், பாட்டு, வசவு, தடத்தின் ஊர்ப்பெயர்கள் ஆகியவை, ஒன்றை இழுத்தால் அடுத்தது தானே வரும் சங்கிலியைப் போன்றவை. அவற்றைச் சொல்ல யோசிக்க வேண்டியதில்லை. உங்கள் பெயரையோ, யோசித்துத்தான் சொல்ல வேண்டும். இந்த இரண்டு வகைப் பேச்சுக்கும் உள்ள வேறுபாட்டை ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கிலேய நரம்பியல் மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டினார். தானாக வரும் பேச்சுக்கு மூளையின் வலப்பக்கமும் ஆழ்பகுதிகளும் கைகொடுப்பதாகக் கருதப்படுகிறது. உங்கள் கணவருக்கு அந்தப் பகுதிகள் பெரிதும் தப்பியிருக்க வேண்டும்.

அவருக்கு வந்திருப்பதன் பெயர் அஃபேசியா. மூளை பாதிப்பால் மொழித்திறன் குலைவது என்று பொருள். வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு மொழிக்கான பொறுப்பு மூளையின் இடப்பக்கத்தில்தான் இருக்கிறது. உடலின் வலப்பாதியை இயக்குவதும் அதே இடப்பக்கம் என்பதால், வலக்கையும் பேச்சும் சேர்ந்தே விழுவதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அஃபேசியா வருகிறது. இதை நாக்குக் குழறலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. குழறலில் சொல் சரியாக இருக்கும், உச்சரிப்பு தெளியாது. அஃபேசியாவில் நாக்கு நன்றாகவே இருக்கும், சொல்தான் கிடைக்காது. உங்கள் கணவர் முருகன் பாட்டைத் தெளிவாகப் பாடுகிறார் என்பதே அவருடைய நாக்கில் பெரிய குறையில்லை என்பதற்குச் சான்று.

ஆகவே வசம்பை நிறுத்திவிடச் சொல்கிறேன். உங்கள் மாமியாரின் தவிப்பு எனக்குப் புரிகிறது. பேச்சு வராத பிள்ளைக்கு வசம்பு தடவும் வழக்கத்தில் வளர்ந்தவர், தம் மகனுக்கும் அதையே செய்கிறார். ஆனால் பக்கவாதத்துக்குப் பின் சிலருக்கு விழுங்குவதும் பாதிக்கப்பட்டிருக்கும். அத்தகையவருக்கு வாயில் எதையாவது தடவினால் அது மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலில் சளி கட்டக்கூடும். தண்ணீர் குடிக்கும்போது அவருக்குப் புரையேறுகிறதா, குடித்த பின் குரல் ஈரமாக ஒலிக்கிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மாமியாரிடம், "மருந்து நாக்குக்கு வேண்டாம் அத்தை, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள்" என்று அவருக்கு வேறொரு வேலையைக் கொடுங்கள்.

அவருக்குப் புரிகிறதா?

உங்கள் மகனுக்காக இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1861ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், பாரிஸுக்கு அருகிலுள்ள பிசேத்ர் மருத்துவமனையில் பால் ப்ரோக்கா என்ற அறுவை மருத்துவரிடம் 51 வயது நோயாளி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். லெபோர்ன் என்பது அவர் பெயர். ஆனால் அவர் வாயில் வந்தது "டான்" என்ற ஒரே ஒலி என்பதால் மருத்துவமனையே அவரை "டான்" என்றுதான் அழைத்தது. வலக்கையும் வலக்காலும் செயலற்றிருந்தன. எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறீர்கள் என்று ப்ரோக்கா கேட்டார். லெபோர்ன் தம் இடக்கையை நான்கு முறை விரித்துக் காட்டிவிட்டு, பின் ஒரு விரலை மட்டும் நீட்டினார். நான்கு ஐந்து இருபது, ஒன்று கூட்டினால் இருபத்தொன்று. அவர் அங்கே வந்து சரியாக 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. மறுநாளும் அதே கேள்வி, அதே விடை. மீண்டும் கேட்டபோது, தம்மைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சினம் பொங்கி, தெளிவான வசைச்சொல் ஒன்று அவர் வாயிலிருந்து வந்தது.

ஒரே ஒலியைத் தவிர வேறெதுவும் நினைத்துச் சொல்ல முடியாத ஒரு மனிதர் கணக்குப் போட்டார், ஆண்டுகளை நினைவில் வைத்திருந்தார், தம்மை அவமதிக்கிறார்கள் என்பதை உணர்ந்தார். உங்கள் கணவர் எப்போது கெட்ட வார்த்தை சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மறுபடி படித்துப் பாருங்கள். மகன் அவரைத் தாண்டிப் போய் உங்களிடம் பணம் கேட்டபோது. தொலைக்காட்சியை யாரும் அவரிடம் கேட்காமல் மாற்றியபோது. அந்தச் சொல் அவருடைய குணம் கெட்டுவிட்டதைக் காட்டவில்லை. அவருக்குச் சினம் வர நியாயமான காரணம் இருந்ததையும், அதைச் சொல்ல வேறு சொல் கிடைக்கவில்லை என்பதையுமே காட்டுகிறது.

லெபோர்ன் சில நாட்களில் இறந்துபோனார். அவருடைய மூளையின் இட முன்பகுதியில் சிதைவு இருந்ததை ப்ரோக்கா கண்டார். அப்பகுதி இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. 1874இல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் இதற்கு நேர்மாறான இன்னொரு வகையை விவரித்தார். காதுக்கு மேலே, சற்றுப் பின்னால் உள்ள பகுதி பாதிக்கப்பட்டவர்கள் தங்குதடையின்றிப் பேசுவார்கள். ஆனால் பேச்சில் பொருள் இருக்காது, பிறர் சொல்வதும் சரியாகப் புரியாது. பைத்தியம் என்ற பெயரைப் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினர்தாம் சுமக்கிறார்கள், அதுவும் பிழையே. பாதுகாத்து வைக்கப்பட்ட லெபோர்னின் மூளையை எம்.ஆர்.ஐ. மூலம் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டபோது, சிதைவு ப்ரோக்கா நினைத்ததைவிட ஆழமாகச் சென்றிருந்தது தெரியவந்தது. மொழி ஒரே ஒரு மூலையில் குடியிருக்கவில்லை, பல பகுதிகளையும் அவற்றை இணைக்கும் நரம்புப் பாதைகளையும் நம்பியிருக்கிறது என்பதை இன்று அறிவோம். அதனால்தான் இரு நோயாளிகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. பக்கத்துத் தெருக்காரருக்கு மூன்றே மாதத்தில் பேச்சு வந்ததை வைத்து உங்கள் கணவரை அளக்க முடியாததும் அதனால்தான்.

நேரில் பாராமல் வகையை உறுதிசெய்ய என்னால் இயலாது. நீங்கள் விவரித்திருப்பது பெரிதும் முதல் வகையை ஒத்திருக்கிறது. இவ்வகையில் புரிதல் பேச்சைவிட மிக நன்றாக இருக்கும், ஆனால் முழுமையாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். "அண்ணன் தம்பியைக் கூப்பிட்டான்", "அண்ணனைத் தம்பி கூப்பிட்டான்" என்ற இரண்டு வாக்கியங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். யார் யாரைக் கூப்பிட்டார் என்பதைச் சொல்வது "ஐ" என்ற ஒற்றை உருபுதான். நமக்குப் பொருட்டாகவே தெரியாத அந்தச் சிறு உருபு இவர்களுக்குப் பிடிபடாமல் நழுவிவிடும். முதலில் வந்த பெயரையே செய்தவராக எடுத்துக்கொள்வார்கள். ஆகவே, எல்லாம் புரிகிறது என்றோ எதுவும் புரியவில்லை என்றோ முடிவுகட்டாமல், நீண்ட வாக்கியமும், பலர் ஒரே நேரத்தில் பேசுவதும், வேகமும் அவருக்குச் சிரமம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இல்ல" என்ற சொல்லையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஆமும் இல்லையும் ஒரே அறையில் அடுத்தடுத்து இருக்கும் சொற்கள். ஒன்றை எடுக்கப் போய் மற்றொன்று கையில் வருகிறது. வாய் ஒன்று சொல்லித் தலை வேறு சொன்னால் தலையை நம்புங்கள். ஓர் அட்டையில் சரி என்ற குறியும் தவறு என்ற குறியும் வரைந்து இடக்கைக்கு எட்டும்படி வையுங்கள். அது பழகிவிட்டால் வீட்டில் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

ஆறு மாதக் கெடு

முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் விரைவாக இருக்கும், அதன் பிறகு வேகம் குறையும்; அந்த அளவுக்கு உங்களிடம் சொன்னவர் சொன்னது சரி. ஆறு மாதத்தோடு கதவு சாத்தப்படும் என்பது சரியல்ல. ஜெர்மனியில் 19 மையங்களில் 150க்கும் மேற்பட்டோரைச் சேர்த்து நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2017இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. அதில் பங்கேற்றவர்கள் எல்லாருக்கும் பக்கவாதம் வந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகியிருந்தது. வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் வீதம் மூன்று வாரம் செறிவான மொழிப்பயிற்சி பெற்றவர்கள் அன்றாடப் பேச்சில் முன்னேறினார்கள். பயிற்சிக்காகக் காத்திருந்த காலத்தில் மற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. பழையபடி பேச்சு முழுவதும் திரும்பும் என்று இதைக் கொண்டு நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். பெரும்பாலானோருக்குக் குறை கொஞ்சமாவது தங்கிவிடுகிறது. ஆனால் 15 நாளுக்கு ஒருமுறை 20 நிமிடம் என்று இப்போது நீங்கள் பெற்றுவரும் பயிற்சியை வைத்து, "பயிற்சி கொடுத்தும் பயனில்லை" என்று முடிவெடுப்பது நியாயமாகாது. அவருக்குப் போதிய அளவு பயிற்சி இன்னும் கிடைக்கவே இல்லை.

அந்தப் பயிற்சியில் "அ, ஆ, இ, ஈ" சொல்ல வைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அதைச் செய்திருக்கிறேன். இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. 26 ஆண்டு டிக்கெட் கிழித்த மனிதருக்கு அரிச்சுவடி தேவையில்லை. அவருக்குத் தேவையான சொற்கள் அவருடைய வாழ்க்கையிலேயே கிடக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பேச்சு மொழிச் சிகிச்சையாளர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நேரில் போவது கடினமானால் காணொளி வழியாகப் பயிற்சி தருபவர்கள் இருக்கிறார்கள். அருகில் ஒருவர் உட்கார்ந்து உதவினால் அதுவும் பலன் தருகிறது.

எந்த மொழியில் பேசுவது?

இரண்டிலும் பேசுங்கள். தெலுங்கை வீட்டிலிருந்து விலக்குவது, அவர் தாயோடு பேசிய மொழியை அவரிடமிருந்து பிடுங்குவதாகும். முதலில் கற்ற மொழியே முதலில் திரும்பும் என்று 1880களில் ரிபோ என்ற பிரெஞ்சு அறிஞர் கருதினார். அதிகம் பழகிய மொழியே முதலில் திரும்பும் என்று 1895இல் பித்ர் என்பவர் வாதிட்டார். பின்னாளில் ஏராளமான நோயாளிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, பெரும்பாலானோருக்கு இரண்டு மொழிகளும் ஏறக்குறைய ஒன்றாகவே மீள்வது தெரியவந்தது. தமிழில் கேட்டதற்கு அவர் "நீள்ளு" என்று தெலுங்கில் விடை சொன்னால் அது குழப்பம் ஆகாது. தண்ணீர் கேட்டுவிட்டார், கொடுங்கள். சிகிச்சையாளரிடம் இரண்டு மொழிகளிலும் சோதிக்கச் சொல்லுங்கள். தமிழிலும், "நீர்", "அருந்து" என்ற எழுத்துத்தமிழ் வேண்டாம். "தண்ணி", "குடி" என்று அவர் வாழ்நாள் முழுதும் பேசிய தமிழே பயிற்சிக்கு உகந்தது.

வீட்டில் செய்யக்கூடியவை

கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது ஒன்று உண்டு. "தண்ணி" என்று சொன்னால்தான் டம்ளரைக் கையில் கொடுப்பேன் என்று யாரோ சொல்லிக்கொடுத்தபடி நீங்கள் செய்துவருகிறீர்கள். தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள். முயற்சி போதாததால் சொல் வராமல் இருக்கவில்லை. தாகத்தில் இருப்பவரை வற்புறுத்தினால் பதற்றம் கூடுகிறது, பதற்றம் கூடினால் சொல் இன்னும் தூரம் போகிறது. தண்ணீரைக் கொடுத்துவிட்டு, அவர் குடிக்கும்போது "தண்ணி" என்று இயல்பாக ஒருமுறை சொல்லுங்கள். அது போதும்.

அவரோடு பேசும்போது தொலைக்காட்சியை அணைத்து, எதிரில் உட்கார்ந்து, ஒரு நேரத்தில் ஒரே செய்தியைச் சொல்லுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள்; மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த மௌனம் உங்களுக்கு நீளமாகத் தெரியும், அவருக்கோ அது வேலை நடக்கும் நேரம். "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்பதைவிட, "இட்லியா, தோசையா?" என்று கேட்பது எளிது, இரண்டையும் காட்டிக் கேட்பது இன்னும் எளிது. முக்கியமான சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுங்கள். ஆனால் பேச முடியாவிட்டால் எழுதிக்காட்டட்டும் என்று அவரிடம் நோட்டுப் புத்தகத்தை நீட்டி, அவர் எழுதாதபோது ஏமாந்துவிடாதீர்கள். எழுத்தும் மொழிதான், அதுவும் சேர்ந்தே அடிபட்டிருக்கும். சைகையும் படமும் பேச்சைச் சோம்பேறியாக்கிவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. அவர் சொன்னது புரியாவிட்டால் புரிந்ததுபோல் தலையாட்டாதீர்கள். "எனக்குப் புரியல, கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பப் பார்ப்போம்" என்று சொல்வதே மரியாதை.

அவருடைய தடத்தின் நிறுத்தங்களைப் பயிற்சிக்குக் கருவியாக்கிக்கொள்ளலாம். அவரோடு சேர்ந்து வரிசையைத் தொடங்குங்கள். நடுவில் நீங்கள் நிறுத்திக்கொண்டு அடுத்த ஊரை அவர் சொல்லட்டும். சில நாள் கழித்து, அந்த ஊரின் படத்தைக் காட்டி, முந்தைய ஊரின் பெயரை மட்டும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். பின்பு அதையும் விட்டுவிட்டு முதல் ஒலியை மட்டும் எடுத்துக்கொடுங்கள். சங்கிலியிலிருந்து ஒரு கண்ணியைத் தனியே கழற்றுவதற்கான வழி இது. மகன் செல்பேசியில் அந்தத் தடத்தின் நிறுத்தங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வரட்டும். நான் அவனுக்குச் சொல்லக்கூடிய மருந்து அதுதான்.

பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்திப்பாடலைத் திரும்பத் திரும்பப் பாடினால் பேச்சு வந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. பாடுவது மனத்துக்கு நல்லது, ஆனால் பாட்டு பாட்டாகவே நின்றுவிடும். 1973இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வகுத்த இசைவழிச் சிகிச்சையில், "காபி குடு", "வெளிய போலாம்" போன்ற தேவையான தொடர்களையே ஏற்ற இறக்கத்தோடு இழுத்துச் சொல்லி, ஒவ்வோர் அசைக்கும் இடக்கையால் தட்ட வைக்கிறார்கள். பின்பு இசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டுவருகிறார்கள். பயிற்சி பெற்றவரிடம் இதைக் கற்றுக்கொண்டு செய்யுங்கள். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி போதும். அவர் களைத்துப்போனால் நிறுத்திவிடுங்கள்.

அவர் சில நாட்களாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பக்கவாதத்துக்குப் பின் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது, மருந்தால் குணமாகக்கூடியது. பேச முடியாதவரால் தம் துயரைச் சொல்லவும் முடியாது என்பதால் இது கண்ணில் படாமலே போய்விடுகிறது. இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்தக் காலைப்பொழுதை நினைத்து நீங்கள் உங்களையே நொந்துகொள்கிறீர்கள். கை கால் விழாமல் பேச்சு மட்டும் திடீரென்று குழம்புவதும் பக்கவாதத்தின் அடையாளம் என்பது படித்தவர்கள் பலருக்கே தெரியாது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இனி ஒருமுறை அப்படி நேர்ந்தால், அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108ஐ அழையுங்கள். இரத்த அழுத்த மாத்திரையையும் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையையும் ஒருநாளும் விடக்கூடாது.

கைரேகையும் வேலையும்

நான் வழக்கறிஞன் அல்லன். இந்த நோயாளிகளின் குடும்பங்களோடு பழகியதில் தெரிந்த அடிப்படையைச் சொல்கிறேன். முடிவெடுக்கும் முன் உங்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அங்கே கட்டணமில்லாமல் சட்ட உதவி உண்டு.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு, மொழி இயலாமை என்ற பிரிவில் அஃபேசியாவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதன் 13ஆம் பிரிவின்படி, சொத்தை வைத்துக்கொள்ளவும் பணத்தைக் கையாளவும் மற்றவர்களுக்கு உள்ள உரிமை உங்கள் கணவருக்கும் உண்டு. பேச்சு போனதால் உரிமை போய்விடாது. ஆகவே அவர் சார்பாக நீங்களோ கொழுந்தனாரோ முடிவெடுத்து அவருடைய கட்டை விரலை மட்டும் மையில் ஒற்றுவது தவறு. அதேபோல், "அவருக்கு எதுவும் தெரியாது" என்று சொல்லி அவரை ஒதுக்குவதும் தவறு. ஒப்பந்தம் செல்லுபடியாக, அதைச் செய்பவர் பொருளை விளங்கிக்கொண்டு, தமக்கு நன்மையா தீமையா என்று சீர்தூக்கக்கூடியவராக இருக்க வேண்டும். அதை அறிய ஒரு வழி உண்டு. "நிலத்தைத் தம்பிக்குக் கொடுக்கலாமா?" என்று கேளுங்கள். இன்னொரு நாள், "நிலம் உங்களிடமே இருக்கட்டுமா?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் அட்டையில் சரியைத் தொட்டால், அவர் இன்னும் முடிவு சொல்லும் நிலையில் இல்லை. வரைபடம், நிலத்தின் புகைப்படம், இரு மொழியிலும் குறுகிய விளக்கம் ஆகியவற்றோடு வெவ்வேறு நாட்களில் கேட்டும் விடை ஒன்றாகவே இருந்தால், அதை மருத்துவரும் சிகிச்சையாளரும் எழுத்தில் உறுதிசெய்ய முடியும். அதுவரை எந்தத் தாளிலும் கைரேகை வேண்டாம். நிலம் எங்கேயும் ஓடிவிடாது என்று கொழுந்தனாரிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

வேலையைப் பொறுத்தவரை என் கருத்து இன்னும் உறுதியானது: ஓய்வு விண்ணப்பத்தில் இப்போது கையொப்பம் வேண்டாம். அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணிக்காலத்தில் இயலாமை அடைந்த ஊழியரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவியில் இறக்கவோ கூடாது என்கிறது. பழைய வேலையைச் செய்ய இயலாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அத்தகைய இடம் இல்லையென்றால், இடம் கிடைக்கும் வரை அல்லது ஓய்வு வயது வரை கூடுதல் பணியிடம் உருவாக்கி அதில் வைத்துக்கொள்ள வேண்டும். அரசுக்குச் சொந்தமான நிறுவனங்களும் இதில் அடங்கும். விருப்ப ஓய்வு என்று தாமே எழுதிக்கொடுத்தால் இந்தப் பாதுகாப்பைப் பெறுவது பெரும் சிக்கலாகிவிடும். உங்களுக்கு நல்லது நினைத்தே அலுவலகத்தில் அப்படிச் சொல்லியிருக்கலாம். இருந்தாலும் மாற்றுப்பணி கோரும் மனுவை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். சான்றிதழில் கையின் இயலாமையோடு மொழி இயலாமையும் பதிவாகிறதா என்று சரிபாருங்கள். கையை மட்டும் பதிந்து அனுப்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

இந்தப் பதிலை அவருக்குத் தெரியாமல் படித்து மடித்து வைத்துவிடாதீர்கள். இது அவரைப் பற்றியது. நாளைக் காலை அவர் களைப்பில்லாமல் இருக்கும் வேளையில், பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் வீட்டுத் தெலுங்கிலும் தமிழிலுமாக, ஒரு நாளைக்கு ஒரு பத்தி என்று சொல்லுங்கள். வேலையைப் பற்றிய பத்திக்கு வரும்போது, டிப்போவுக்குத் திரும்பிப்போக அவருக்கு விருப்பமா என்று கேட்டு, அட்டையை அவர் இடக்கைப் பக்கம் வைத்துவிட்டுக் காத்திருங்கள். அடுத்த கடிதத்தில் அந்த விடையையும் சேர்த்து எழுதுங்கள்.